கனடா இல்லாத உலகம்: ஒரு பிறந்தநாள் சோடனைத் தொகுதி பற்றி

கிளிநொச்சி நகரில் பிறந்தநாளுக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் திருமண வரவேற்புக்கும் சோடனை செய்து கொடுக்கும் கடைகள் இப்போது பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, வட்ஸ்அப்பில் படங்களை அனுப்பி, இளவரசி, காட்டு விலங்குகள், விண்வெளி, உலகப் பயணம் என்ற கருப்பொருள்களில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லி, கேட்ட நாளில் வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் கட்டித் தருகிறது. விசுவமடுவில் இருக்கும் என் தங்கையின் மகளுக்கு ஆவணி மாதத்தில் ஒன்பது வயது நிறைந்தது. விடுமுறைக் காலம் என்பதால் வகுப்புப் பிள்ளைகளையும் அயலவர்களையும் அழைத்து வீட்டிலேயே கொண்டாடுவதென்று முடிவு செய்து, பெறாமகளின் விருப்பப்படி உலகப் பயணத்தைத் தெரிவு செய்தோம். கடையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதே அச்சுப் பொருட்களை வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் வேறு கடைகளில் கண்டிருக்கிறேன் என்பதால், நான் சொல்லப்போகும் குறைகளை ஒரு கடையின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது.

முழுத் தொகுதியின் விலை 24,500 ரூபா. இந்தப் பணத்துக்கு எட்டடி அகலமுள்ள பின்திரையும் அதை மாட்டும் இரும்புச் சட்டகமும், ஒரு பலூன் வளைவும், சுவரில் ஒட்டும் உலக வரைபடமும், ஐந்து கடதாசி மணிக்கூடுகளும், பிள்ளைகளுக்கான விளையாட்டுக் கடவுச்சீட்டுகளும் விமானச் சீட்டுகளும், நாடுகளின் பெயர் பொறித்த இறப்பர் முத்திரைகளும், கேள்வி அட்டைகளும், சிற்றுண்டிகளில் குத்துவதற்கான சிறு கொடிகளும் கிடைக்கின்றன. சட்டகமும் முத்திரைகளும் திருப்பிக் கொடுக்க வேண்டியவை, மற்றவை எங்களுக்கே. கட்டித் தந்தவர்களின் வேலையில் எனக்குப் பெரிய குறை இல்லை. அச்சடித்த பொருட்கள் பரவாயில்லை என்ற அளவில்தான் இருந்தன. ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருந்த உலகம் வன்னிப் பிள்ளைகள் அறிந்த உலகம் அல்ல என்பதே என் முதன்மையான முறைப்பாடு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஓர் இளம் பெண்ணும் அவருக்கு உதவியாக ஒரு தம்பியும், சட்டகத்தை ஓட்டோவின் மேல் கட்டிக்கொண்டு, பரந்தன் சந்தியால் திரும்பி முல்லைத்தீவு வீதி வழியாகச் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பலூன் வளைவை முன் விறாந்தையில் வைப்பதாகத்தான் எங்கள் எண்ணம். அந்தப் பெண் முற்றத்தில் நின்று காற்றைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தச் சோளகத்துக்கு வெளியில வைச்சா அரை மணித்தியாலமும் நிக்காது, உள்ளுக்குக் கட்டுவம்" என்றார். அவர் சொன்னது சரி. தென்மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்று வாசலில் கட்டிய ஒற்றைத் தோரணத்தையே மாலைக்குள் நார் நாராக்கிவிட்டது. சுவரில் ஆணி அடிக்காமல், யன்னல் கம்பிகளிலும் கூரை வளையிலும் நைலோன் நூலைக் கட்டி வளைவை நிறுத்தினார்கள். எங்கள் சுவர் வெள்ளை அடித்த சுவர். இருபக்க ஒட்டுநாடாவைப் பயன்படுத்தியிருந்தால் கழற்றும்போது சுண்ணாம்பும் சேர்ந்து உரிந்து வந்திருக்கும், அதை நாங்கள் சொல்லாமலே அவர்கள் அறிந்திருந்தார்கள். வேலை முடிந்ததும் பொலித்தீன் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டுத்தான் தேநீர் குடித்தார்கள். காசு கொடுத்து வாங்கும் சேவையில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பின்திரை தூரத்தில் அழகு. ஐபெல் கோபுரம், சுதந்திரச் சிலை, தாஜ்மகால், பிரமிட்டுகள், சிட்னி இசையரங்கு எல்லாம் ஒரே வானத்தின் கீழ் நெருங்கி நிற்க, மேலே ஒரு விமானம் பறக்கிறது. ஆனால் பளபளப்பான தாளில் அடித்திருந்ததால், கைத்தொலைபேசியின் மின்னொளியில் எடுத்த படங்களில் பிள்ளையின் தலைக்கு மேல் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்துவிட்டது. யன்னல் வெளிச்சம் இருக்கும்போதே படங்களை எடுத்து முடிப்பது நல்லது.

தமிழ் எழுத்து விடயத்தில் கடை இன்னும் கவனம் எடுக்க வேண்டும். பிள்ளையின் பெயரை நாங்கள் வட்ஸ்அப்பில் யூனிகோட் எழுத்தில் அனுப்பினோம். அச்சு வேலை செய்பவர்களோ இன்னமும் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் வேலை செய்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் இடத்தில் கொம்புகள் இடம் மாறுகின்றன, புள்ளிகள் பக்கத்து எழுத்தில் போய்க் குந்துகின்றன. மாதிரியை முன்கூட்டியே அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னதால் பெரிய பதாகையில் திருத்தம் செய்ய முடிந்தது, அதற்கு நன்றி. அதே பிழை விமானச் சீட்டுகளில் அப்படியே அச்சாகி வந்ததற்கு யாரிடம் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பெயரைத் தட்டச்சு செய்து அனுப்புவதோடு நிற்காமல், ஒரு தாளில் கையால் எழுதிப் படம் பிடித்தும் அனுப்புங்கள்.

தொகுதியின் உயிர் அந்தக் கடவுச்சீட்டு விளையாட்டில் இருக்கிறது. கருநீல அட்டை, பொன்னிற எழுத்து, உள்ளே படம் ஒட்டுவதற்கு ஒரு கட்டம், பின்னால் எட்டு நாடுகளுக்கு எட்டுப் பக்கங்கள். வீட்டின் ஒவ்வொரு மூலையும் ஒரு நாடு. அங்கே போய்க் கேள்வி அட்டையிலுள்ள கேள்விக்கு விடை சொன்னால் முத்திரை குத்தப்படும். பெரியவர்கள் முத்திரை குத்த வேண்டும் என்று அறிவுறுத்தல் தாளில் இருந்தாலும், பிள்ளைகள் அந்த அதிகாரத்தை வெகு விரைவில் எங்களிடமிருந்து பறித்துக்கொண்டார்கள். பிரான்ஸ் மேசையில் உட்கார்ந்த அயல்வீட்டுப் பொடியன், விடையைக் காதில் வாங்கவே இல்லை. "ஆர் உங்களுக்கு ஸ்பொன்சர்? பாங்கில காசு காட்டுங்கோ" என்று கேட்டு, இரண்டு பேருக்கு 'றிஜெக்ட்' என்று எழுதியும் கொடுத்துவிட்டான். வவுனியாக் கடவுச்சீட்டு அலுவலக வாசலில் விடியப்புறம் வரிசையில் நின்ற கதையும், விசா மறுக்கப்பட்ட கதையும் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இங்கே குறைவு. அறிவுறுத்தல் தாளை எழுதியவர்களுக்கு அப்படியொரு விளையாட்டு தோன்றியிருக்காது. என் அம்மா ஒரு கடவுச்சீட்டை எடுத்து, படம் ஒட்டிய பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, "பாஸ் மாதிரித்தான் கிடக்கு" என்றார். வன்னியிலிருந்து வவுனியாவுக்குப் போவதற்கே பாஸ் என்ற பயண அனுமதி எடுத்துக்கொண்டு நின்ற தலைமுறைக்கு வேறு எதுவும் நினைவுக்கு வராது.

கேள்வி அட்டைகளைக் கொடுப்பதற்கு முன் பெரியவர் ஒருவர் வாசித்துப் பார்க்க வேண்டும். ஐபெல் கோபுரத்தின் உயரம் 324 மீற்றர் என்று அட்டையில் இருக்கிறது. 2022இல் உச்சியில் புதிய அலைவாங்கி பொருத்தப்பட்ட பின்னர் அது 330 மீற்றர். லண்டன் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு 2012இலிருந்து எலிசபெத் கோபுரம் என்று பெயர், பிக் பென் என்பது உள்ளே தொங்கும் பெரிய மணி. இவை சிறு குறைகள், பிள்ளைகள் யாரும் அழவில்லை. அட்டைகளை எழுதியவர்கள் நல்ல கேள்விகளைத் தவறவிட்டதுதான் எனக்கு ஆதங்கம். நியூயோர்க்கில் நிற்கும் சுதந்திரச் சிலை பிரான்சிலிருந்து வந்த அன்பளிப்பு, 1886இல் திறந்துவைக்கப்பட்டது. அதன் உள்ளே இருக்கும் இரும்புக் கட்டமைப்பை வடிவமைத்தவர் குஸ்தாவ் ஐபெல். மூன்று ஆண்டுகள் கழித்து, 1889இல், பாரிஸ் கோபுரத்தை அமைத்ததும் அவருடைய நிறுவனமே. எட்டு மேசைகளில் இரண்டு மேசைகளை இணைக்கக்கூடிய இந்தச் செய்தியை நாங்கள் வாயால் சொன்னபோது, பின்திரைக்கு ஓடிப்போய் இரண்டையும் தொட்டுப் பார்த்த பிள்ளைகள் உண்டு.

இனி முறைப்பாட்டுக்கு வருகிறேன். பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா, இத்தாலி, எகிப்து, இந்தியா, யப்பான், அவுஸ்திரேலியா ஆகியவைதான் அந்த எட்டு நாடுகள். கனடா இல்லை. சுவிஸ் இல்லை, நோர்வே இல்லை, ஜேர்மனி இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பிள்ளைகளிடம் உலக வரைபடத்தைக் காட்டி, உங்கள் ஆட்கள் இருக்கும் இடத்தில் ஒரு வட்டம் ஒட்டுங்கள் என்று தங்கை சொன்னதும், வரைபடத்தின் வடமேற்கு மூலையும் ஐரோப்பாவின் நடுப்பகுதியும் நிரம்பிப்போயின. ரொறன்ரோவின் மேல் ஒட்ட இடமில்லாமல் கடலில் ஒட்டினார்கள். ஒஸ்லோவில் ஒரு சித்தி, சூரிச்சில் ஒரு பெரியப்பா, ஸ்காபரோவில் மூன்று மாமாமார் என்று, நாட்டை விட்டு இறங்கியே அறியாத பிள்ளைகள் தங்கள் உறவுகளின் முகவரியாக உலகத்தை அறிந்திருக்கிறார்கள். பாரிஸ் என்றால் அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கோபுரம் அல்ல, அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் கடை வைத்திருக்கும் மாமாதான். சுற்றுலாத் தபாலட்டைகளில் வரும் எட்டு நாடுகளைத் தெரிவு செய்த அச்சகத்துக்கு இது தெரியாமல் இருக்கலாம். கிளிநொச்சியில் கடை நடத்துபவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. இறப்பர் முத்திரை செய்பவர்கள் நகரத்திலேயே இருக்கிறார்கள், நான்கு முத்திரைகள் கூடுதலாகச் செய்வதற்குப் பெரிய செலவும் வராது. நாங்கள் உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, ஒன்றில் மேப்பிள் இலையையும் மற்றதில் சுவிஸ் சிலுவையையும் செதுக்கிச் சிவப்பு மையில் தோய்த்துக் குத்தினோம். விலை கொடுத்து வாங்கிய முத்திரைகளைவிட அவற்றுக்குத்தான் வரிசை நீண்டது.

மணிக்கூடுகளின் கதை இன்னும் சுவையானது. லண்டன், பாரிஸ், நியூயோர்க், டோக்கியோ என்று நான்கு கடதாசி மணிக்கூடுகள் தொகுதியோடு வருகின்றன, ஐந்தாவதாக இலங்கையைக் கடைக்காரரே சேர்த்திருக்கிறார். முள்கள் அச்சிலேயே நிலையாக வரையப்பட்டவை. லண்டன் 12, பாரிஸ் 1, நியூயோர்க் 7, டோக்கியோ 8 என்ற நான்கும் கோடைகாலக் கணக்கில் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகின்றன. இலங்கை மணிக்கூடு மட்டும் 5 காட்டுகிறது. லண்டனில் நண்பகல் 12 என்றால் கோடையில் இங்கே பிற்பகல் 4.30. உலகப் பொது நேரத்திலிருந்து நாங்கள் ஐந்தரை மணித்தியாலம் முன்னால் நிற்பதால், அந்த நான்கு நகரங்களிலும் முழுமணி அடிக்கும்போது இங்கே ஒருநாளும் முழுமணி அடிக்காது. இதைக் கண்டுபிடித்தவர்கள் பெரியவர்கள் அல்லர். லண்டன் மாமி எப்போது அழைப்பு எடுப்பார் என்று காத்திருந்து பழகிய பெறாமகள், கேக் வெட்டுவதற்கு முன்னமே, "இது பிழை, நாலரை எண்டு வரவேணும்" என்று சொல்லிவிட்டாள். மட்டையில் இரண்டு முள்கள் வெட்டி ஒட்டிச் சரிசெய்தோம். நியூயோர்க்கும் ரொறன்ரோவும் ஒரே நேரவலயத்தில் இருப்பதால், அந்த மணிக்கூட்டின் பெயரை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. பாரிசின் நேரமே சூரிச்சுக்கும் ஒஸ்லோவுக்கும் பேர்லினுக்கும் என்பதால், அதன் கீழ் மூன்று பெயர்களைச் சேர்த்து எழுதினோம். எங்கள் உறவுகளில் பெரும்பாலானோரை மூன்று மணிக்கூடுகளுக்குள் அடக்கிவிடலாம் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

இந்த இடத்தில் மச்சான் ஒரு பழைய கதையை எடுத்தார், அதையும் எழுதிவிடுகிறேன். மின்சாரத் தட்டுப்பாட்டால் 1996இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்தள்ளியபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே தொடர்ந்தது. 2006 ஏப்ரலில் கொழும்பு மறுபடியும் ஐந்தரை மணித்தியாலக் கணக்குக்குத் திரும்பும்வரை, ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டுபவர்கள் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் மாற்றினார்கள். விமானம் ஏறாமலே நேரவலயம் கடந்தவர்கள் நாங்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டுப் பிள்ளைகள் நம்பவில்லை.

மண்டபத்தில் கதிரைகளை இருவர் இருவராக அடுக்கி விமானம் செய்வது தொகுதியில் வரும் இன்னொரு விளையாட்டு. இருக்கை இலக்கம் ஒட்டுவதற்கான தாள்கள் நல்ல பசையோடு வந்தன. சீட்டுகள் எல்லாம் கட்டுநாயக்காவிலிருந்து புறப்படுகின்றன. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அங்கிருந்து சென்னைக்கு விமானம் பறந்திருக்கையில், வடக்கில் விற்கும் தொகுதியில் ஒரு சீட்டாவது பலாலியிலிருந்து புறப்பட்டிருக்கலாம்.

உலக வரைபடம் பெரியது, நிறங்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் அது 1569இல் மெர்காற்றர் வகுத்த முறையில் வரைந்த படம் என்பதால், கிறீன்லாந்து ஆபிரிக்காவுக்குச் சமமாகத் தெரிகிறது. உண்மையில் ஆபிரிக்கா அதைப்போலப் பதினான்கு மடங்கு பெரியது. வீட்டில் ஒரு பூகோள உருண்டை இருந்தால் பக்கத்தில் வைத்துவிடுங்கள், பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

உணவு இந்தச் சேவையில் அடங்காது, கொடிகளும் பெயர் அட்டைகளும் மட்டுமே தருகிறார்கள். அது ஒரு குறை என்று முதலில் நினைத்தாலும், சமைத்து முடித்தபின் அதுவே நல்லது என்று தோன்றியது. ரின்மீன் போட்டுக் கிளறிய மக்கரோனியில் இத்தாலிக் கொடி ஏறியது. வாழையிலைத் துண்டில் கையளவு உருட்டி வைத்த குழையல் சோற்றில் யப்பான் கொடி ஏறியது. யப்பானியரும் சோற்றை உருட்டி, நடுவில் மீனோ ஊறுகாயோ வைத்து உண்பவர்கள் என்பதால் அதில் பெரிய பொய் இல்லை. றோல்ஸும் பற்றிஸும் எந்த நாட்டுக் கொடிக்கும் இணங்கிப் போயின. கொடிக் குச்சிகள் பல்குத்தும் மரக்குச்சிகள், கூர் மழுக்கப்படாதவை. சிறு பிள்ளைகளின் தட்டில் வைப்பதற்கு முன் பிடுங்கிவிடுவது பாதுகாப்பு.

கேக்கைப் பொறுத்தவரை, பந்து வடிவில் பூகோளமாகச் செய்யும் ஆசையைக் கைவிடச் சொல்லியே ஆலோசனை தருவேன். ஆவணி வெயிலில், தகரக் கூரை உள்ள வீட்டில், பட்டர் ஐசிங் நிற்காது. சீனிப்பசை போர்த்திய கேக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து வெளியே எடுத்தால் வியர்த்து, நீலக் கடல் தரைக்குள் இறங்கிவிடும். தட்டைக் கேக்கின் மேல் உண்ணக்கூடிய தாளில் உலகப் படத்தை அச்சிட்டுப் போர்த்தித் தருகிறவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். நாங்கள் அதையே செய்வித்தோம், மெழுகுதிரி அணையும்வரை கண்டங்கள் தம் இடத்தில் நின்றன.

தொகுதியோடு வந்த தட்டுகள் கடதாசியிலும் கரண்டிகள் மரத்திலும் இருந்தன. பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழாய், கரண்டி போன்றவற்றுக்கு 2023 ஒக்ரோபரிலிருந்து நாட்டில் தடை இருப்பதால் அது எதிர்பார்த்ததுதான். பலூன் பொதியைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. வெடித்த பலூன் துண்டும் ஊதாத பலூனும் சிறு பிள்ளைகளின் தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கக்கூடியவை. எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு என்பதைப் பல நாடுகளில் பொதியிலேயே அச்சிடுகிறார்கள், எங்களுக்கு வந்த பொதியில் அப்படி எதுவும் இல்லை. வளைவைக் கழற்றும் நேரத்தில்தான் பிள்ளைகள் பலூன்களுக்குப் பாய்வார்கள், அந்த நேரத்தில் ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

பணக் கொடுக்கல் வாங்கலில் ஒரே ஒரு மனவருத்தம். போக்குவரத்துக் கட்டணம் தனி என்பதைப் பட்டியலில் எங்கும் எழுதவில்லை, ஓட்டோ வாசலில் நின்ற பின்னர்தான் 2,500 ரூபா மேலதிகமாகக் கேட்டார்கள். கிளிநொச்சி நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு அது இல்லையாம். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் இருப்பவர்கள் முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் இதைக் கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். சட்டகத்துக்கு வாங்கிய வைப்புப் பணத்தை, மறுநாள் வந்து கழற்றிய அதே தம்பி, ஒரு கால் சற்று வளைந்திருந்ததைக் கண்டும் குறைக்காமல் திருப்பித் தந்தார்.

பலூன் வளைவும் பின்திரையும் இல்லாமல், கடவுச்சீட்டு, முத்திரை, வரைபடம், மணிக்கூடு ஆகியவை மட்டும் அடங்கிய சிறு தொகுதியை 9,000 ரூபாவுக்குத் தருகிறார்கள். அதைப் பட்டியலில் போடுவதில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். வீட்டில் பூவரசங் கொப்பும் பழைய சேலைகளும் கொண்டு சோடிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் அந்தச் சிறு தொகுதியே போதும். ஆவணி, புரட்டாதி வார இறுதிகளில் சட்டகங்கள் திருமண வீடுகளுக்குப் போய்விடுகின்றன, ஆகவே முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும்போது கனடா முத்திரை வந்துவிட்டதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். செய்விக்கிறோம் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.